சோளப் பாம்புக் குட்டிக்கு மூன்று வார வீடு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் ஹாரோவில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வயது மகன் ஒரு வருடமாகக் கெஞ்சியதில் மனம் இளகி, போன சனிக்கிழமை ஒரு கார்ன் ஸ்நேக் குட்டியை வாங்கி வந்திருக்கிறார்கள். முட்டையிலிருந்து வெளிவந்து ஏழு வாரம் ஆன குட்டி. அதற்கென்று சொல்லிவைத்திருந்த நான்கு அடி நீள மரக் கூண்டு வந்து சேர இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். குட்டி இப்போதைக்குக் கடையில் கொடுத்த கையகலப் பிளாஸ்டிக் கிண்ணத்திலேயே இருக்கிறது. அக்டோபர் குளிர் தொடங்கிவிட்டது. வீட்டில் மகனின் அப்பம்மாவும் இருக்கிறார். குட்டி பட்டினி கிடக்கிறதே என்று ஒரு மூடியில் பால் வைத்துக் கொடுக்கச் சொல்கிறாராம். “மூன்று வாரம் இதை எதில், எப்படி வைத்திருப்பது? செத்துப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது” என்று கேட்கிறார்.

சாகாது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்து இன்றிரவே நல்ல வீடு அமைத்துவிடலாம். இந்த வயதில், ஒன்றுமில்லாமல் வெறிச்சென்று கிடக்கும் நான்கு அடிக் கூண்டைவிட, ஒழுங்காக அமைத்த சின்னப் பெட்டியில்தான் குட்டி நன்றாகச் சாப்பிடும், நன்றாகத் தூங்கும். ஆனால் ‘மூன்று வாரம்தானே, எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். செடி, கிளை, விளக்கு, அலங்காரம் எல்லாம் மூன்று வாரம் காத்திருக்கும். சூடு, மறைவு, பூட்டு ஆகிய மூன்றும் ஓர் இரவுகூடக் காத்திருக்காது. நான் பதினைந்து ஆண்டுகளாக இந்தப் பாம்புகளை வளர்த்துவருகிறேன். என் கையில் குட்டிகளுக்கு நேர்ந்த கெடுதல்கள் எல்லாமே ‘தற்காலிகம்தானே’ என்று நான் அசட்டையாக இருந்த நாட்களில்தான் நேர்ந்தன.

வீட்டுக்கு வந்திருப்பது எப்படிப்பட்ட உயிர் என்று தெரிந்துகொண்டால் மற்றவை தாமாகப் புரியும். கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. வடக்கே நியூ ஜெர்சி முதல் தெற்கே ஃபுளோரிடா வரை காடுகளிலும் பண்ணைகளிலும் வாழ்கிறது. அடிவயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இருப்பது மக்காச்சோளக் கதிரின் மணிகளைப் போலத் தெரியும். அதனால் சோளப் பாம்பு என்றே நாமும் சொல்லலாம். விஷம் கிடையாது. நம் ஊர்ச் சாரைக்குத் தூரத்துச் சொந்தம். அதைப் போலவே எலி பிடித்துத் தின்னும். வளர்ந்தால் நான்கு, ஐந்து அடி நீளம் வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது ஆண்டுகள் உங்களோடு இருக்கும். ஆனால் இன்று அதன் எடை பத்து கிராமைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு பவுண்டு நாணயத்தின் எடை 8.75 கிராம் என்பதை நினைத்துப் பாருங்கள். காட்டில் இந்த அளவுள்ள குட்டியைப் பறவை தின்னும், தவளை தின்னும், வேறு பாம்புகளும் தின்னும். ஆகவே திறந்த வெளி என்றாலே அதற்கு ஆபத்துதான். மரப்பட்டைக்கு அடியிலும் சருகுக்குள்ளும் உடம்பின் எல்லாப் பக்கமும் ஏதாவது உரசிக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. வாலை அதிரவிடுகிறது, தலையைத் தூக்கிச் சீறப் பார்க்கிறது என்று மகன் சொன்னால் அது கோபம் இல்லை, உயிர்ப்பயம்.

இனி பெட்டி. மூடி நன்றாக அழுந்தி, இரு பக்கமும் கைப்பிடி போட்டுப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒன்பது லிட்டர் அளவு போதும். அதன் அடிப்பரப்பு ஓர் ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஓரளவு உள்ளே தெரியும் பிளாஸ்டிக்காக இருந்தால் திறக்காமலே பார்த்துக்கொள்ளலாம். மீன் தொட்டி வேண்டாம். மேலே வலை போட்டுக் கல்லைத் தூக்கி வைத்தாலும் குட்டி அந்த வலையின் விளிம்பை நெம்பிக்கொண்டு போய்விடும். சூடும் மேலே போய்விடும். செருப்புப் பெட்டி போன்ற அட்டைப் பெட்டி ஒரு மணி நேரத்துக்குக்கூட ஆகாது.

காற்றுக்கு ஓட்டை போட வேண்டும். சால்டரிங் அயன் இருந்தால் அதுவே சிறந்தது. சுத்தமாக உருகி ஓட்டை விழும். அதைத் தோட்டத்தில் வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. உள்ளேயிருந்து வெளிப்பக்கமாகக் குத்துங்கள். அப்போதுதான் சொரசொரப்பான விளிம்பு வெளியே நிற்கும். மூக்கை உரசிக்கொண்டே திரியும் குட்டிக்குக் காயம் வராது. ஓட்டை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. எதிரெதிரான இரண்டு பக்கச் சுவர்களிலும் பதினைந்து, இருபது ஓட்டைகள் போட்டால் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும். மூடியில் மட்டும் போட்டால் உள்ளே ஈரம் தேங்கிச் சுவரெல்லாம் வியர்க்கும். வேலை முடிந்ததும் கழுவிக் காயவைத்து ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள்.

தலை நுழைந்தால் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும். சோளப் பாம்புக் குட்டியின் தலை உங்கள் சுண்டுவிரல் நுனியைவிடச் சின்னது. என்னிடம் முதன்முதலில் வந்த குட்டிகளில் ஒன்று, வெப்பமானியின் வயருக்காக நான் போட்ட ஓட்டை வழியாகப் போய்விட்டது. வயர் போக மிச்சம் இருந்த இடைவெளி ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை. பத்தொன்பது நாள் தேடினேன். அலமாரிகளை நகர்த்தினேன், இரவில் டார்ச்சோடு சுவரோரமாகத் தவழ்ந்தேன், தரையில் மாவு தூவித் தடம் பார்த்தேன். கடைசியில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள், என் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்து சுருட்டி வைத்திருந்த கோரைப்பாய்க்குள் கிடந்தது. மெலிந்து, காய்ந்து, ஆனால் உயிரோடு. அன்றிலிருந்து வயர் போகும் இடத்தைச் சிலிக்கோன் பசையால் அடைத்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, பிறகுதான் எந்தக் குட்டியையும் உள்ளே விடுகிறேன். உங்கள் பெட்டியில் வயர் போக வேண்டிய அவசியமே இல்லாதபடி செய்ய வழி இருக்கிறது. சூட்டைப் பற்றிச் சொல்லும்போது அதைச் சொல்கிறேன். ஒருவேளை உங்கள் குட்டியும் தப்பிவிட்டால் முதலில் அந்த அறைக் கதவின் அடி இடுக்கைத் துணியால் அடையுங்கள். பெரும்பாலும் அதே அறையில், சூடான ஒரு பொருளுக்கு அருகே, இறுக்கமான ஓர் இடுக்கில்தான் இருக்கும். மாலை இருட்டிய பிறகு தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஒட்டும் டேப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டையை மூடவோ மூடியை இறுக்கவோ பெட்டிக்கு உள்பக்கம் டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஓரம் கொஞ்சம் பெயர்ந்தாலும் போதும், குட்டி அதில் ஒட்டிக்கொள்ளும். விடுபடப் புரளப் புரள இன்னும் சுற்றிக்கொள்ளும். இழுத்தால் தோல் கிழிந்து வந்துவிடும். அப்படி ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெயை டேப்பின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி, பசை இளகும்வரை பொறுமையாக, தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக எடுக்க வேண்டும். செதில்கள் அந்தத் திசையில்தான் படிந்திருக்கின்றன.

இப்போது சூடு. தவறு அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நம் உடம்பு தின்ற சோற்றை எரித்துத் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்பு சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. சூடான இடத்தில் கொஞ்ச நேரம், குளிர்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் என்று இடம் மாறி மாறித் தன் உடம்பின் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைத்தால் அதற்கு அந்த வழியே அடைபட்டுவிடும். ஒரு பக்கம் தரை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 22 முதல் 24 டிகிரி என்று இருக்க வேண்டும். இரவில் குளிர்ந்த பக்கம் இருபதுக்கு இறங்கினாலும் கெடுதல் இல்லை.

பிளாஸ்டிக் பெட்டிக்கு விளக்குச் சூடு ஆகாது, உருகிவிடும். கடைகளில் கிடைக்கும், மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பான ஹீட் மேட்தான் சரி. பெட்டியின் அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாத சின்ன மேட்டாக வாங்கி, பெட்டிக்கு வெளியே, ஒரு ஓரத்தில், அடியில் வையுங்கள். மேட்டுக்குக் கீழே ஒரு பீங்கான் ஓடு வைத்தால் மேசை மரம் காயாது. பெட்டியின் நான்கு மூலைகளிலும் சின்ன ரப்பர்க் குமிழ்கள் ஒட்டி ஒரு நூலளவு உயர்த்திவிடுங்கள்; சூடு அடியில் அடைபட்டு ஏறாது. சூடு அளவு மீறாமல் கட்டுப்படுத்தும் கருவிதான் தெர்மோஸ்டாட். அதன் உணர்முனையை மேட்டின் மேலேயே, பெட்டிக்கும் மேட்டுக்கும் இடையில் பதித்துவிட்டால் வயர் எதுவும் பெட்டிக்குள் போகத் தேவையில்லை. குட்டி அதை நகர்த்திவிடவும் முடியாது, தண்ணீர் கொட்டி நனைத்துவிடவும் முடியாது. பிறகு வயர் இல்லாத சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை உள்ளே தரையில் வைத்து, உள்தரை 29 டிகிரி காட்டும்வரை தெர்மோஸ்டாட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டின் முகத்தில் இருக்கும் எண்ணும் உள்தரையின் சூடும் ஒன்றாக இருக்காது. நம்ப வேண்டியது உள்தரையை.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டை மின்சாரத்தில் சொருகவே கூடாது. எனக்கு முதல் பாம்பை விற்ற கடையில், “சின்ன மேட்தானே, தெர்மோஸ்டாட் தேவையில்லை” என்று சொன்னார்கள். நானும் நம்பினேன். நான்காம் நாள் குட்டியைத் திருப்பிப் பார்த்தபோது வயிற்றுச் செதில்கள் சிவந்து, நடுவில் நீர் கோத்திருந்தது. சூடு சுட்டால் விலகிப் போகாதா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாம்புக்கு மேலிருந்து வரும் வெயில்தான் பழக்கம். வயிற்றுக்கு அடியில் இருந்து மெல்ல ஏறும் சூட்டை அது ஆபத்து என்று எடுத்துக்கொள்வதில்லை. அதன் மேலேயே சுருண்டு படுத்துக் கிடக்கும். கால்நடை மருத்துவர் கொடுத்த களிம்பை ஆறு வாரம் தடவினேன். புண் ஆறியது. தழும்பு மறைய ஒவ்வொரு முறையும் சட்டை உரிக்க உரிக்க ஒரு வருடம் ஆயிற்று. அந்தக் கடைக்காரர்மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்க்காத என்மேல் அதைவிட அதிகம்.

சரி, மேட்டும் தெர்மோஸ்டாட்டும் நாளையோ நாளை மறுநாளோதான் வரும், இன்றிரவு என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதுதான் பதில். வீட்டில் 21, 22 டிகிரி இருக்கும் அறையில், காற்று வீசாத இடத்தில் பெட்டியை வைத்துவிடுங்கள். தன் சொந்த ஊரில் குளிர்காலம் முழுவதும் மண்ணுக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும் இனம் இது. சில நாள் மந்தமாக இருப்பதில் அதற்கு ஆபத்து இல்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சூடு இல்லாதபோது உணவு கொடுக்கவே கூடாது. செரிக்கச் சூடு வேண்டும். அது கிடைக்காவிட்டால் விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகும், குட்டி கக்கிவிடும். பத்து கிராம் உடம்புக்கு ஒரு முறை கக்குவது பெரிய இழப்பு. பதற்றத்தில் ரேடியேட்டர்மேல் பெட்டியைத் தூக்கி வைக்காதீர்கள், வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் நேர்வெயில் விழுந்தால் சில நிமிடங்களில் உள்ளே இருப்பது வெந்துவிடும். குளிரை ஒரு குட்டி ஒரு வாரம் தாங்கும். சூட்டைக் கால் மணி நேரம்கூடத் தாங்காது. இடையில் மின்சாரம் நின்றாலும் இதே கணக்குதான்: ஒரு கம்பளியைப் பெட்டிமேல் போர்த்தி, காற்றோட்டைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டு, உணவை நிறுத்திவைத்தால் போதும்.

உள்ளே என்ன வைப்பது என்பது எளிது. தரைக்குக் கிச்சன் ரோல் தாள் இரண்டு, மூன்று அடுக்கு. பார்வைக்கு ஏழ்மையாக இருக்கும், ஆனால் புதிதாக வந்த குட்டிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. எச்சம் போட்டால் உடனே தெரியும். கக்கியிருந்தால் தெரியும். கறுப்பு மிளகுத் தூள் போல ஊரும் பாம்பு உண்ணிகள் இருந்தாலும் வெள்ளைத் தாளில் மறைய முடியாது. தண்ணீர்க் கிண்ணத்தின் அடியையும் பாருங்கள். உண்ணி இருந்தால் முதலில் அங்கேதான் மூழ்கிக் கிடக்கும். தேவதாரு, பைன் மரச் சீவல்களை எப்போதுமே தவிர்க்க வேண்டும், அவற்றின் எண்ணெய் ஆவி பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது. ஆஸ்பென் மரச் சீவல் நல்லது, அது பெரிய கூண்டுக்கு இருக்கட்டும்.

மறைவிடம் இரண்டு வேண்டும். சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று. ஒன்று மட்டும் வைத்தால் குட்டிக்குச் சூட்டையா பாதுகாப்பையா தேர்ந்தெடுப்பது என்ற நெருக்கடி வந்துவிடும். பெரும்பாலும் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்துக் குளிரிலேயே கிடக்கும். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கழிவறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழாயைப் பாதியாக வெட்டிக் கொஞ்சம் அமுக்கி வையுங்கள். வெண்ணெய் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து, விளிம்பில் ஒரு விரல் நுழையும் வாசல் வெட்டுங்கள். சுருண்டு படுத்தால் முதுகு கூரையில் இடிக்கும் அளவுக்குத் தணிவாக இருக்க வேண்டும். மீதி இடத்தில் கசக்கிய தாளைப் போட்டு நிரப்பிவிடுங்கள். சருகு போல அதற்குள் நுழைந்து நடமாடும். மகனிடம் இந்த வேலையை விட்டுவிடுங்கள், ஆசையாகச் செய்வான்.

தண்ணீருக்கு ஒரு கனமான, தணிந்த கிண்ணம். குளிர்ந்த பக்கத்தில் வைத்துத் தினமும் மாற்றுங்கள். சூடான பக்கத்தில் வைத்தால் ஆவியாகிப் பெட்டி முழுவதும் ஈரம் ஏறிவிடும். பாலைப் பற்றி அப்பம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். புற்றுக்குப் பால் வார்ப்பது காலங்காலமாக நாம் செய்துவரும் வழிபாடு. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாம்பின் வயிற்றில் பால் செரிக்காது. தாகத்தில் வேறு வழியின்றிக் குடித்தால் வயிறு கெட்டுத் துன்பப்படும். அவர் தன் கையால் தினமும் நல்ல தண்ணீர் மாற்றி வைக்கட்டும். குட்டிக்கு அதுவே வேண்டியது.

இதோடு, குட்டியைப் பட்டினி போடுகிறோமே என்ற அவருடைய கவலையும் தீர வேண்டும். பெட்டிக்கு மாற்றிய பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை யாரும் கையில் எடுக்கக் கூடாது, உணவும் கொடுக்கக் கூடாது. தண்ணீர் மாற்றலாம், எச்சம் எடுக்கலாம், அவ்வளவுதான். இந்த ஒரு வாரம் மகனுக்கு ஒரு யுகம் போல இருக்கும். பிறகு, உறைந்த நிலையில் விற்கும் ‘பிங்கி’ எனப்படும் மயிர் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு ஒன்று, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை. அதைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து முதலில் பனி இளகவிட்டு, பிறகு வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்து, துடைத்து, நீண்ட இடுக்கியால் கொடுங்கள். மைக்ரோவேவில் வைக்காதீர்கள். வாங்காவிட்டால் மறைவிடத்தின் வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுங்கள். காலையில் பெரும்பாலும் இருக்காது. சாப்பிட்ட பிறகு நாற்பத்தெட்டு மணி நேரம் தொடக் கூடாது. சைவ வீடாக இருந்தாலும் இதில் மாற்று வழி இல்லை, பாம்புக்கு இறைச்சியைத் தவிர வேறு எதுவும் உணவு ஆகாது. உறைந்த எலிகளை மூடி இறுகும் தனி டப்பாவில் வையுங்கள். முடிந்தால் தனியான சின்ன ஃப்ரீசரே வாங்கிவிடுங்கள், வீட்டில் மனக்கசப்பு வராது.

கண்கள் பால் படிந்தது போல நீலம் பாரித்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று பொருள். அப்போது மூன்றாவதாக ஒரு சின்ன டப்பாவில் ஈரமான கிச்சன் தாளைப் போட்டு வாசல் வெட்டி வையுங்கள். கழற்றிப் போட்ட சட்டையில் வால் நுனியும் இரண்டு கண் மூடிகளும் முழுமையாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வராமல் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மறுபடி ஈர டப்பாவே போதும்.

ஒரு பெட்டியில் ஒரு குட்டிதான். ‘தனியாக இருக்கிறதே, துணைக்கு இன்னொன்று’ என்று மகன் கேட்கக்கூடும். சோளப் பாம்புக் குட்டிகள் ஒன்றை ஒன்று விழுங்கியது உண்டு. பாம்புக்குத் தனிமை துன்பம் இல்லை.

வீட்டாரின் உடல்நலம் பற்றியும் ஒரு சொல். பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெட்டியையும் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் வந்துபோகும் வீடானால் அவர்கள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பம்மாவும் தண்ணீர் மாற்றியதும் கை கழுவட்டும். இன்னொன்று: இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பதினாறு வயதுக்குக் குறைந்தவர் வைத்திருக்கும் விலங்குக்குப் பொறுப்பு அவரை வளர்க்கும் பெரியவருடையது. தினமும் காலையில் வெப்பமானியைப் பார்ப்பதும் இரவில் மூடி பூட்டியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பதும் உங்கள் வேலை. மகனுடைய வேலை என்று விட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் குளியலறையிலோ கிணற்றடியிலோ ஒரு பாம்புக் குட்டியைக் கண்டு, அதை இந்த முறையில் பெட்டி கட்டி வளர்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியப் பாம்புகளைப் பிடித்து வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவிர, கட்டுவிரியன் குட்டியை விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் பாம்பு என்று தவறாக எண்ணியவர்கள் உயிரையே இழக்க நேரலாம். குட்டிக்கும் விஷம் உண்டு. எட்ட நின்று வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். சிங்கப்பூரில் சோளப் பாம்பையும் செல்லப் பிராணியாக வைத்திருக்க அனுமதி இல்லை.

ஹாரோவுக்குத் திரும்புகிறேன். இந்தச் சின்னப் பெட்டி நன்றாக நடக்க ஆரம்பித்ததும் ஒரு சோம்பல் வரும். குட்டி சாப்பிடுகிறது, வளர்கிறது, பெரிய கூண்டுக்கு என்ன அவசரம் என்று தோன்றும். அப்படியே வருடக்கணக்கில் பெட்டியிலேயே பாம்பு வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில் சோளப் பாம்புகளுக்குச் சிறிய இடமும் பெரிய இடமும் கொடுத்துப் பார்த்தார்கள். நடமாடும் வேளையில் அவை பெரிய இடத்தையே நாடின. உடம்பை முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்கவும் ஏறவும் துருவவும் ஆசைப்படும் உயிர் இது. உங்கள் நான்கு அடிக் கூண்டு அதற்குத் தேவைதான். ஆனால் வெறுமையாக அல்ல.

கூண்டு வந்ததும் குட்டியை அன்றே உள்ளே விடாதீர்கள். விளக்கு, தெர்மோஸ்டாட் எல்லாம் பொருத்தி நான்கைந்து நாள் காலியாக ஓடவிட்டு, பகலும் இரவும் என்ன சூடு காட்டுகிறது என்று எழுதிவையுங்கள். விளக்கைக் குட்டி தொட முடியாதபடி கம்பிக்கூடு போட்டிருக்க வேண்டும். கண்ணாடிக் கதவுகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தின் இடைவெளியை அளந்து பாருங்கள். இந்த அளவுக் குட்டிக்கு அது அகலமான வாசல். நடுவில் நுரைப்பட்டையைச் சொருகி அடைத்துவிடலாம், காற்றுத் துளைகளுக்குப் பின்னால் மெல்லிய கம்பி வலையை ஆணியடித்துவிடலாம். தரை முழுவதும் மரப்பட்டை, கார்க், செயற்கை இலை என்று நெருக்கமாகப் போட்டு, ஒரு மறைவிலிருந்து இன்னொரு மறைவுக்கு வெட்டவெளியில் வராமலே போகும்படி செய்யுங்கள். பிறகு மூன்று வாரம் அது படுத்திருந்த அதே வெண்ணெய் டப்பாவைக் கழுவாமல், அதன் வாசனையோடு, குட்டி உள்ளே இருக்கும்போதே அப்படியே தூக்கிக் கூண்டின் சூடான மூலையில் வையுங்கள். கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வாருங்கள். முதல் இரண்டு, மூன்று நாள் தலையே காட்டாமல் இருக்கலாம், கவலைப்படாதீர்கள். ஐந்தாம் நாள் இரவு, விளக்கு அணைந்த பிறகு, அந்த டப்பாவின் வாசலில் ஒரு பிங்கியை வைத்துப் பாருங்கள்.